கடையில் கிடைக்காத முஸ்தபா: ஒரு அடிதடி விளையாட்டின் மூன்று விலைகள்

2018-ல் கேப்காம் நிறுவனம் தன்னுடைய பழைய ஆர்கேட் அடிதடி விளையாட்டுகளில் ஏழை ஒரே தொகுப்பாகச் சேர்த்து விற்பனைக்கு விட்டது. ஃபைனல் ஃபைட், கேப்டன் கமாண்டோ, நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட், கிங் ஆஃப் டிராகன்ஸ், வாரியர்ஸ் ஆஃப் ஃபேட், ஆர்மர்ட் வாரியர்ஸ், பேட்டில் சர்க்யூட். பட்டியலை மேலிருந்து கீழே படித்துவிட்டு, மறுபடி கீழிருந்து மேலே படித்தவர்கள் நம்ம ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். ஏன்னா, அவர்கள் தேடிய பெயர் அதில் இல்லை. 2021-ல் வந்த ஆர்கேட் ஸ்டேடியம் தொகுப்பிலும் இல்லை.

தேடிய பெயர் 'கேடில்லாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. வெளியான ஆண்டு 1993. அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கு முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. 'முஸ்தபா கேம்' என்று சொல்லிப் பாருங்க, உடனே புரியும்.

சில வாரங்களாக இந்த விளையாட்டை ஒரு சின்னக் கையடக்கக் கருவியில் மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறேன். மூன்றரை அங்குலத் திரை, பழைய கேம்பாய் மாதிரி உடம்பு, சட்டைப் பையில் அடங்கும். ஆடிக்கொண்டே எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். ஏக்கக் கட்டுரை எழுதுவது என் நோக்கமில்லை. என்னைக் குடைந்த கேள்வி வேறு: விற்பனையில் இல்லாத, வீட்டுக் கன்சோல் எதற்கும் கேப்காம் கொண்டுவராத ஒரு விளையாட்டு, இத்தனை கோடி கைகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அப்படிப் போகும் வழியில் அது என்னவாக மாறியது?

கூட்டத்தை அடிக்கும் வம்சம்

முதலில் வம்சாவளியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1984-ல் ஐரெம் நிறுவனம் வெளியிட்ட 'குங்ஃபூ மாஸ்டர்'தான் இந்த வகைக்கு முன்னோடி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஜாக்கி சான் நடித்த ஒரு படத்தின் ஜப்பானியப் பெயரை வைத்து வந்தது. மாடி மாடியாக ஏறிச் சண்டை போடும் அமைப்பு புரூஸ் லீயின் 'கேம் ஆஃப் டெத்' படத்தை நினைவூட்டும். அதில் நாயகன் ஒரே கோட்டில் இடதும் வலதுமாக மட்டும்தான் நகர முடியும்.

1986-ல் டெக்னோஸ் ஜப்பான் நிறுவனத்தில் யோஷிஹிசா கிஷிமோட்டோ என்பவர் ஒரு பள்ளிக்கூட ரவுடியின் கதையைச் செய்தார். தன்னுடைய பள்ளிக்கால அடிதடிகளிலிருந்தே அதை எடுத்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதில் ஒரு புதுமை இருந்தது: பக்கவாட்டில் மட்டுமில்லாமல், திரையின் உள்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் நடக்கலாம். கோடு இப்போது தெருவாகிவிட்டது. தெரு வந்துவிட்டால் நாலு பக்கமும் சூழ்ந்துகொள்ளும் கும்பலும் வந்துவிடும் இல்லையா? அடுத்த வருடம், 1987-ல், அதே கிஷிமோட்டோ 'டபுள் டிராகன்' செய்தார். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். உலகம் முழுக்கப் பரவியது.

1989-ல் கேப்காமின் 'ஃபைனல் ஃபைட்'. முதலில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 89' என்ற பெயரில்தான் காட்டினார்கள். பெரிய பெரிய உருவங்கள், ஒவ்வொரு அடியாளுக்கும் ஒரு பெயர், அந்தப் பெயருக்குக் கீழே உயிர்க்கோடு. அடிவாங்கும் கூலிப்படைக்காரனுக்குக்கூடப் பெயர் வைத்தது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் அதனால்தான் 'அந்தக் குண்டன் வர்றான் பார்' என்று ஆட்டக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

1991-ல் அதே கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்ததும் கணக்கு மாறியது. இரண்டு பேர் நேருக்கு நேர் மோதினால் சில நிமிடங்களில் ஒருவர் தோற்றே ஆக வேண்டும், அடுத்த காசு விழுந்தே ஆக வேண்டும். கடைக்காரருக்கு எது லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. அடிதடி வகை தாக்குப்பிடிக்க வேறு ஈர்ப்பு தேவைப்பட்டது. கொனாமி ஏற்கெனவே வழி காட்டியிருந்தது: நிஞ்ஜா ஆமைகள் (1989), சிம்ப்சன்ஸ் (1991), எக்ஸ்-மென் (1992). மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாத்திரங்களை உரிமம் வாங்கிப் போடுவது. கேப்காமும் அதே பாதையில் இறங்கியது. 1993-ல் 'பனிஷர்', 1994-ல் 'ஏலியன் வெர்சஸ் பிரிடேட்டர்'. நம்ம விளையாட்டும் அந்த வரிசையில் ஒன்றுதான். உரிமம் என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மெக்கானிக்கும் டைனோசரும்

மூலம் ஒரு அமெரிக்கக் காமிக்ஸ். மார்க் ஷூல்ட்ஸ் எழுதி வரைந்த 'ஸீனோசோயிக் டேல்ஸ்'. 1987 முதல் 1996 வரை மொத்தம் 14 இதழ்கள்தான் வந்தன. பத்து வருடத்தில் 14 என்றால் வருடத்துக்கு ஒன்றரைகூட இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் தூரிகையால் இழைத்து இழைத்து வரைகிறவர் அவர்.

கதை 26-ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. இயற்கைப் பேரழிவிலிருந்து தப்பிக்க மனிதர்கள் பல நூறு வருடங்கள் நிலத்துக்கு அடியில் ஒளிந்திருந்துவிட்டு மேலே வருகிறார்கள். வந்து பார்த்தால் பூமியில் டைனோசர்கள் திரிகின்றன. ஜாக் டென்ரெக் ஒரு மெக்கானிக். பழைய கேடில்லாக் கார்களைப் பழுதுபார்த்து ஓட்டுகிறவர். பெட்ரோல் ஏது? டைனோசர் சாணத்தில் ஓடுகிற மாதிரி எஞ்சினை மாற்றி வைத்திருக்கிறார்! அவருடன் ஹன்னா டண்டீ என்ற தூதர், முஸ்தபா கைரோ என்ற நண்பர். வேடிக்கையான தலைப்புக்கு அடியில் கவலையான ஒரு கதை இருக்கிறது: ஒருமுறை உலகத்தைக் கெடுத்த மனிதர்கள், இரண்டாவது வாய்ப்பிலும் அதையே செய்வார்களா?

1993 செப்டம்பரில் இது அமெரிக்கத் தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடராகவும் வந்தது. 13 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. அதை உருவாக்கியவர் 'டை ஹார்ட்' படத்தின் திரைக்கதையில் பங்காற்றிய ஸ்டீவன் டி சௌசா. இதே மனிதர்தான் 1994-ல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' படத்தையும் இயக்கினார் என்பது உபரித் தகவல். 1993 கோடையில் 'ஜுராசிக் பார்க்' வேறு வந்து உலகமே டைனோசர் பித்துப் பிடித்து இருந்தது. எல்லாம் கூடி வந்த வருடம். ஆனாலும் காமிக்ஸும் கார்ட்டூனும் இன்று ஆர்வலர்களுக்கு மட்டுமே தெரிந்த பெயர்கள். ஞாபகத்தில் நின்றது கேப்காமின் விளையாட்டு மட்டும்தான்.

ஆட்டத்துக்குள்

நாலு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம்: ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ். மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். எட்டுக் கட்டங்கள். பொத்தான்கள் இரண்டே இரண்டு: அடி, குதி. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்கிற எல்லோரையும் தள்ளிவிடும் ஒரு வீச்சு. ஆனால் அதற்கு விலையாக நம் உயிர்க்கோட்டில் கொஞ்சம் போய்விடும். முன்பக்கமாக இருமுறை தட்டினால் ஓட்டம். ஓடிக்கொண்டே அடித்தால் முஸ்தபாவின் அந்தப் பறக்கும் உதை. சும்மா சொல்லக்கூடாது, முப்பது வருடம் கழித்தும் அந்த உதை சரியாகப் பட்டால் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

கருவியில் நிதானமாக ஆடும்போதுதான் ஒன்று கவனித்தேன். இந்த வகை விளையாட்டில் கைவேகத்தைவிட நிற்கும் இடம்தான் முக்கியம். அடியாட்கள் எப்போதும் உங்கள் இருபுறமும் வந்து நிற்கப் பார்ப்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் முன்னால் இருப்பவனை அடிக்கும்போது பின்னால் இருப்பவன் குத்துவான். ஆகவே திறமை என்பது எல்லோரையும் ஒரே பக்கம் சேர்த்து வைப்பது. ஒருவனைப் பிடித்துக் கூட்டத்தின் மேலேயே வீசுவது. திரையின் ஆழத்தில் ஏறி இறங்கி, நேர்க்கோட்டில் சிக்காமல் இருப்பது. ஆட்டு மந்தையை மேய்க்கிற வேலைதான், கையில் குச்சி இல்லை, அவ்வளவே.

துப்பாக்கிகள் தாராளமாகக் கிடைக்கும், குண்டுகள் கிடைக்காது. இரண்டாம் கட்டத்தின் முடிவில் வெட்டுக்கத்திகளோடு வரும் புட்சர், பழகாதவர்களின் கணக்கை அங்கேயே முடித்துவிடுவான். மூன்றாம் கட்டத்தில் ஜாக்கின் காரிலேயே ஏறி எதிரிகளை இடித்துக்கொண்டு போகலாம். தலைப்பில் உள்ள முதல் சொல்லுக்கு அங்கேதான் நியாயம் கிடைக்கிறது. கடைசியில் டாக்டர் ஃபெசென்டன் என்ற விஞ்ஞானி மனிதனும் டைனோசரும் கலந்த உருவமாக மாறி எதிரே நிற்பார்.

டைனோசர்கள் இதில் வில்லன்கள் கிடையாது. வேட்டைக்காரர்கள் சீண்டியதால் வெறிபிடித்தவை. அடங்கியதும் சும்மா இருக்கும். மறுபடி அடி பட்டால் சீறும், அடித்தது யார் என்றெல்லாம் பார்க்காது. காமிக்ஸில் இருந்த கவலையின் ஒரு துளி இந்த விதி வழியாக விளையாட்டுக்குள் வந்திருக்கிறது. சிறுவயதில் ஆடியவர்கள் பெரும்பாலும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். டைனோசர் வந்தால் அடி, அவ்வளவுதான்.

பெயர் வைத்தவர்கள்

ஒரு படைப்புக்கு யார் பெயர் வைக்கிறார்கள்? ஜப்பானில் இதன் தலைப்பு 'கேடில்லாக்ஸ்: டைனோசர் புதுயுகம்' என்ற பொருள்படும். சீனாவில் மக்கள் 'டைனோசர் அதிரடி' என்கிற மாதிரி ஒரு பெயரில் அழைத்தார்கள். வங்கதேசத்தில் 'மொஸ்தஃபா'. இந்தியாவில் 'முஸ்தபா'.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் தெருக்களில் கேடில்லாக் கார் கிடையாது. அந்தச் சொல்லை வாசிக்கவே நாக்கு தடுமாறும். ஆனால் திரையில் நாலு பெயர்கள் தெரிகின்றன. ஜாக், ஹன்னா, மெஸ் மூன்றும் அந்நியம். நாலாவது பெயர் பக்கத்து வீட்டுக்காரருடையது, வகுப்புத் தோழனுடையது. போதாததற்கு 1996-ல் 'காதல் தேசம்' படம் வந்த பிறகு தமிழ்நாட்டில் அந்தப் பெயர் ஒரு பாட்டாகவே எல்லோர் வாயிலும் இருந்தது. மூலக் காமிக்ஸில் நாயகனின் நண்பனாக இருந்தவர், தெற்காசியாவில் விளையாட்டின் நாயகனாகிவிட்டார். நிறுவனம் எதுவும் விளம்பரம் செய்து இதை நடத்தவில்லை. ஆடியவர்கள் செய்தது.

முதல் விலை: காசு

ஆர்கேட் விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது 'அப்பல்லாம் கேம் ரொம்பக் கஷ்டமா இருக்கும்' என்பார்கள். கஷ்டம் என்பது அங்கே விலைப்பட்டியல். அமெரிக்காவில் 25 சென்ட், ஜப்பானில் 100 யென். அந்தக் காசுக்கு எவ்வளவு நேரம் உங்களை நிற்க விடலாம் என்பதை வடிவமைப்பாளர் தீர்மானிக்கிறார். உடனே தோற்கடித்தால் ஆள் திரும்ப வரமாட்டார். ரொம்ப நேரம் விட்டால் கடைக்காரர் எந்திரத்தை வாங்க மாட்டார். இரண்டுக்கும் நடுவில், 'இன்னொரு காசு போட்டிருந்தா முடிச்சிருப்பேன்' என்று தோன்றும் இடத்தில் தோற்கடிக்க வேண்டும். ஃபைனல் ஃபைட்டில் தோற்றதும் நாயகனைக் கட்டிப்போட்டு, எதிரே வெடிமருந்துத் திரி எரிய, எண்கள் இறங்கிக்கொண்டே வரும். அந்தப் பத்து வினாடியில் பாக்கெட்டைத் துழாவ வைப்பதுதான் அதன் வேலை.

மூன்று பேர் ஆடலாம் என்ற வசதிக்குப் பின்னாலும் இதே கணக்கு இருக்கிறது. ஒரே எந்திரம், ஒரே மின்சாரச் செலவு, மூன்று பேருடைய காசு. நண்பன் இன்னும் உயிரோடு இருக்கும்போது நான் மட்டும் எப்படி விலகிப் போவது? நட்பையே காசாக்கத் தெரிந்த தொழில் அது.

இரண்டாம் விலை: மணிக்கணக்கு

1997-ல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 'மேம்' என்ற எமுலேட்டரை வெளியிட்டார். அசல் ஆர்கேட் போர்டில் உள்ள சிப்புகளின் வேலையை ஒரு சாதாரணக் கணினியில் மென்பொருளாகச் செய்து காட்டுவதுதான் எமுலேட்டர். அதே காலத்தில் கேப்காம் போர்டுகளுக்கென்றே தனி எமுலேட்டர்களும் வந்தன. அடுத்த சில வருடங்களில் நம் ஊர்களில் பிரவுசிங் சென்டர்கள் பெருகின. இந்தியாவில் முஸ்தபாவைப் பலர் சந்தித்தது இங்கேதான்: கூண்டு மாதிரித் தடுத்த இடத்தில், ஒரு கீபோர்டில், இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு.

இங்கே ஒரு விசித்திரம் நடந்தது. மேம் எமுலேட்டரில் காசு போடுவது என்பது 5 என்ற விசை. ஆட்டம் தொடங்க 1 என்ற விசை. காசு இலவசமாகிவிட்டது! ஆனால் கணினியின் முன்னால் உட்காருவது இலவசமில்லை, அது மணிக்கணக்கு. விளையாட்டு உங்களைக் கொல்வதற்காகச் செதுக்கப்பட்டது, ஆனால் இப்போது உங்களை வெளியேற்றுவது சென்டர்காரரின் கடிகாரம். ஆகவே ஆடும் விதமே தலைகீழானது. உயிரைக் காப்பாற்றிக்கொள்வதில் அர்த்தமில்லை. 5-ஐத் தட்டிக்கொண்டே போய், நேரம் முடிவதற்குள் எட்டாவது கட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். முழு ஆட்டமும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடியும் என்பது இதற்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

கீபோர்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பல சாதாரண கீபோர்டுகள் ஒரே நேரத்தில் சில விசைகளுக்கு மேல் ஏற்காது. நண்பன் மூன்று விசையை அழுத்திக்கொண்டிருந்தால் உங்கள் உதை திரைக்குப் போகவே போகாது. 'டேய், கையை எடுடா, எனக்கு அடிக்க மாட்டேங்குது' என்ற சண்டை ஒசாகாவில் இந்த விளையாட்டைச் செய்தவர்கள் கற்பனையே செய்திராத ஒரு கூடுதல் கட்டம்.

தனக்குத்தானே வைத்துக்கொண்ட விஷம்

இப்போது கொஞ்சம் தொழில்நுட்பம். 1988 முதல் கேப்காம் பயன்படுத்திய ஆர்கேட் அமைப்பு சிபிஎஸ்-1. மோட்டரோலா 68000 செயலி, 384×224 புள்ளிகள் கொண்ட படம். இதன் பிற்கால விளையாட்டுகளில், நம்முடையதும் சேர்த்து, க்யூசவுண்ட் என்ற ஒலி அமைப்பைச் சேர்த்தார்கள். ஒலி இடமிருந்து வலமாகப் பரந்து கேட்கும்.

திருட்டுப் போர்டுகள் அந்தக் காலத்தில் பெரிய தொல்லை. தடுப்பதற்காகக் கேப்காம் ஒரு பூட்டு போட்டது. ஒலியைக் கவனிக்கும் செயலிக்குக் 'கபுகி' என்று பெயர். அது படிக்க வேண்டிய நிரல் சங்கேதமாக்கப்பட்டிருக்கும். அதை விடுவிக்கும் சாவி, ஒரு பேட்டரியின் தயவில் மட்டுமே நினைவில் இருக்கும். யாராவது பிரித்துப் பார்க்க முயன்று பேட்டரி இணைப்பு அறுந்தால் சாவி அழிந்துவிடும். சாவி போனால் ஒலிப் பகுதியின் நிரலை அந்தச் செயலியாலேயே படிக்க முடியாது. ஆர்வலர்கள் இதைத் 'தற்கொலை பேட்டரி' என்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், திருடன் வராவிட்டாலும் பேட்டரி தீர்ந்துபோகும். நியாயமாகக் காசு கொடுத்து வாங்கி, யாரும் தொடாமல் அலமாரியில் வைத்த போர்டும் ஒருநாள் தானாகச் சாகும். 1993-ல் இதைப் போட்டவர்களுக்கு அது ஒரு குறையாகப் பட்டிருக்காது. ஆர்கேட் விளையாட்டின் ஆயுள் சில வருடங்கள்தானே, முப்பது வருடம் கழித்து யார் தேடப்போகிறார்கள்?

பூட்டு வேலை செய்ததா என்றால், அதுவும் அரைகுறைதான். க்யூசவுண்டை அப்படியே கழற்றிப் போட்டுவிட்டு, மலிவான ஒலிச் சிப்பு வைத்த போலிப் போர்டுகள் வந்தன. 'டைனோசர் ஹன்டர்' என்று பெயரையே மாற்றி ஒரு சீனப் போலியும் உண்டு. ஒலி மட்டமாக இருக்கும், ஆனால் ஓடும். அசல் போர்டு பேட்டரி தீர்ந்து சாக, போலிக்கு அந்தச் சாவே இல்லை. பூட்டு தண்டித்தது நேர்மையாக வாங்கியவர்களை மட்டும்தான்.

பிற்பாடு ஆர்வலர்கள் கபுகியின் சங்கேத முறையை அவிழ்த்தார்கள். சாவிகள் மேம் எமுலேட்டரின் மூலநிரலில் இன்று வெளிப்படையாக இருக்கின்றன. செத்த போர்டுகளுக்குச் சாவியைத் திரும்ப எழுதி உயிர் கொடுக்கவும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பூட்டை உடைத்தவர்கள் இல்லையென்றால் இந்த விளையாட்டின் அசல் ஒலி இன்று கேட்கக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

மூன்றாம் விலை: எதுவுமில்லை

சரி, கைக்கருவிக்கு வருவோம். இது உள்ளுக்குள் ஒரு சின்ன லினக்ஸ் கணினி. ஆர்கேட் எமுலேட்டர் இதற்குள் சிரமமில்லாமல் ஓடுகிறது. திரை 640×480, விகிதம் 4:3, பழைய குழாய்த் திரையின் அதே விகிதம். ஆனால் 384-ஐ 640-க்கு இழுத்தால் 1.67 மடங்கு, 224-ஐ 480-க்கு இழுத்தால் 2.14 மடங்கு. முழு எண் வராததால் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் போகும். பின்னணி நகரும்போது லேசாக மினுக்கும். ஒரு மென்மையாக்கும் வடிகட்டியைப் போட்டால் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. க்யூசவுண்ட் பரந்து கேட்க வேண்டுமென்றால் இயர்போன் மாட்ட வேண்டும். கருவியில் இருப்பது ஒரே ஸ்பீக்கர்.

காசுக்கு இதில் 'செலக்ட்' பொத்தான். கட்டை விரலை ஒரு அங்குலம் நகர்த்தினால் போதும். மணிக்கணக்கும் கிடையாது. நினைத்த இடத்தில் நிறுத்தி, பஸ் இறங்கி, ராத்திரி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் நாள் அப்படித்தான் ஆடினேன். 27 காசில் ஃபெசென்டனை முடித்தாயிற்று. சந்தோஷம் வந்ததா? வரவில்லை. திரையில் யாரோ யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள், நான் காசு போட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரே காசு. ஜப்பானிய ஆர்கேடுகளில் இது ஒரு பழைய மரபு. ஒரே காசில் முடிப்பதைத்தான் அங்கே ஆட்டத்தை வென்றதாக மதிப்பார்கள். அந்த விதியைப் போட்ட அன்றே விளையாட்டு வேறு ஒன்றாகிவிட்டது. புட்சரிடம் மூன்று நாள் தோற்றேன். தோற்கும்போதுதான் அவனைப் பார்க்க ஆரம்பித்தேன்: எப்போது ஓடிவருவான், எந்த உயரத்தில் நின்றால் கத்தி படாது, எந்த உணவை இப்போதே சாப்பிடாமல் விட்டுவைக்க வேண்டும். மேலே சொன்னேனே, 'கூட்டத்தை ஒரே பக்கம் சேர்ப்பது' என்று, அதெல்லாம் இப்படித் தோற்றுக் கற்றதுதான். இதுவரை நான்காம் கட்டத்தைத் தாண்டவில்லை.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது: இந்த விளையாட்டுக்குள் விலை என்பது வெளியிலிருந்து ஒட்டியது இல்லை, அது கட்டடத்தின் ஒரு தூண். காசை எடுத்துவிட்டால், அந்த இடத்தில் வேறு ஏதாவது ஒன்றை முட்டுக் கொடுக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் கடிகாரமும் பக்கத்து நண்பனும் முட்டுக் கொடுத்தார்கள். கைக்கருவியில் எதுவுமே இல்லை. நாமே ஒரு விதியைக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு எஸ்டி கார்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை நிரப்பிக்கொண்டு எதையும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆடாமல் தாவுகிற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், காரணம் உங்கள் பொறுமையின்மை மட்டுமில்லை.

யாருடைய சொத்து?

எஸ்டி கார்டு என்றதும் இன்னொரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. இந்த விளையாட்டின் காப்புரிமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அப்படியென்றால் கார்டில் உள்ள நகல்? சட்டத்தின் கண்ணில் அது மீறல்தான், மழுப்புவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் காசு கொடுத்து வாங்க நினைத்தால் கடை எங்கே? நிரல் கேப்காமுடையது. பாத்திரங்களும் கதையும் காமிக்ஸின் வழி வந்தவை. தலைப்பில் இருக்கும் கேடில்லாக், ஜெனரல் மோட்டார்ஸின் வணிகப் பெயர். மறுபடி வெளியிட வேண்டுமென்றால் இத்தனை தரப்பும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். 1993-ல் எந்த உரிமம் இந்த விளையாட்டைக் கவர்ச்சியாக்கியதோ, அதே உரிமம்தான் இன்று அதன் கழுத்தில் கயிறு. சொந்தமாகக் கற்பனை செய்த ஃபைனல் ஃபைட் எத்தனையோ முறை திரும்ப வந்துவிட்டது. உரிமம் வாங்கிச் செய்தவை திரும்ப வர யாராவது மெனக்கெட வேண்டும். முடியாதது இல்லை: அதே 1993-ல் வந்த பனிஷர், மார்வெல் உரிமம் வேண்டிய விளையாட்டு, 31 வருடம் கழித்து 2024-ல் ஒரு தொகுப்பில் திரும்ப வந்தது.

இது ஒரு விளையாட்டின் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்றது அந்த ஆய்வு. நூலகங்கள் அப்படிப்பட்ட விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. பழைய புத்தகம் பதிப்பில் இல்லாவிட்டாலும் நூலகத்தில் போய்ப் படிக்கலாம். விளையாட்டுக்கு அந்தக் கதவும் பாதிதான் திறந்திருக்கிறது.

செய்தவர்களின் நிலைமையும் இதே மாதிரிதான். அந்தக் கால ஜப்பானிய நிறுவனங்கள், போட்டி நிறுவனங்கள் ஆட்களை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து, ஊழியர்களின் உண்மைப் பெயரை வெளியிடாது. கேப்காம் விளையாட்டுகளின் முடிவில் ஓடும் பட்டியல்களில் புனைப்பெயர்கள்தான் இருக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் புகழால் 'அகிமான்' யாரென்று உலகத்துக்குத் தெரிந்தது. மற்றப் பலர் புனைப்பெயராகவே நின்றுவிட்டார்கள். அடியாளுக்குக்கூடப் பெயர் வைத்த ஒரு விளையாட்டு வகை, அதை உருவாக்கிய கைகளுக்குப் பெயர் கொடுக்கவில்லை.

ஆக, நாயகனுக்கு நாம் வைத்த பெயர், போர்டுக்கு யாரோ எழுதிக் கொடுத்த சாவி, உரிமையாளர் விற்காததால் நகலாகவே சுற்றும் கோப்பு. அதிகாரபூர்வமாகப் பார்த்தால் இந்த விளையாட்டு 1990-களோடு முடிந்துபோன ஒன்று. முப்பது வருடமாக அதைத் தூக்கிச் சுமந்தவர்கள் எல்லோருமே அதற்கு அதிகாரம் இல்லாதவர்கள். நாளைக்கே கேப்காமும் மற்றவர்களும் உட்கார்ந்து பேசி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தால் முதல் நாளே வாங்குவேன். அந்தப் பெட்டியிலும் தலைப்பு 'கேடில்லாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்றுதான் இருக்கும். வாங்கப்போகிற பாதிப் பேர் கடையில் போய் என்ன பெயரைச் சொல்லிக் கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.